கையைக் கட்டினதாலை

எனக்கு ‘ஓம்’ என்று சொல்ல வராது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டாம். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய சொல் அது. அதற்குப் பதிலாக ‘சரி’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சாப்பிட்டாச்சோ என்று கேட்டாலும் சரி, மழை பெய்யுதோ என்று கேட்டாலும் சரி. இதனால் எதற்கும் தலையாட்டுகிற நல்ல பெடியன் என்று ஸ்காபரோவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் நல்லவனும் இல்லை, எல்லாவற்றுக்கும் சம்மதித்தவனும் இல்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் தொண்டைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

எழுத்தில் திக்குவாய் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கொன்னை. பள்ளிக்கூடத்தில் என்னை எல்லாரும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவுக்கு வந்து, கடித உறை செய்யும் ஒரு ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கு அது சொர்க்கம். வீட்டுக்காரன், பாங்க், டொக்டர் எல்லாரோடும் கதைப்பது என் மனைவியின் வேலையாக இருந்தது.

எங்கள் டொக்டரின் கிளினிக் வோபர்ன் பக்கத்தில் ஒரு பிளாசாவில் இருந்தது. அங்கே சுவரில் ஒரு நாள் ஒரு தாளைக் கண்டேன். திக்கிப் பேசுபவர்களின் மூளையைப் பற்றி ஆராய்கிறார்களாம், ஆட்கள் தேவையாம், ஃபோன் பண்ண வேண்டுமாம். தாளின் அடியில் ஃபோன் நம்பர்களைத் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முடவனை மரத்தில் ஏறிவந்து பெயர் பதியச் சொன்னது போல இருந்தது. ஒரு துண்டுகூடக் கிழிபடவில்லை. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மனைவி போய்க் கிழித்துவந்து எடுத்துக் கதைத்தாள்.

முதலில் மூளையைப் படம் எடுப்பார்கள். பிறகு மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி. பிறகு மறுபடியும் படம். எனக்குப் படம் தேவையில்லை. அந்த மூன்று கிழமைதான் தேவை. நான் ஒரு முழு வசனத்தைத் திக்காமல் சொல்வதை அம்மா கண்ணை மூடமுன் ஒரு தடவை கேட்க வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறவியில் இடக்கைக்காரன். எங்கள் வீட்டில் இடக்கை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் அடி விழும், ஒரு பொருளைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். எனக்கு நான்கு வயதானபோது, சாப்பிட உட்காரும் நேரமும் எழுதும் நேரமும் அம்மா என் இடக்கையைப் பழைய சேலைக் கரையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். நோகாமல்தான் கட்டுவார். அந்த வருடமே எனக்குக் கொன்னை தொடங்கியது. கொழும்பில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், கையைக் கட்டினால் வாயும் கட்டும் என்று எங்கேயோ கேட்டதை வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். அவர் சோடா குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் போகவில்லை. அதன் பிறகு நான் திக்கும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்க்க மாட்டார். அம்மாவைப் பார்ப்பார். முப்பது வருடம், சாகும்வரை, அப்படித்தான் பார்த்தார். அம்மா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

ஆராய்ச்சி நடந்த இடம் டவுன்டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்தது. முதல் நாள் ஒரு படிவம் தந்தார்கள். எந்தக் கையால் எழுதுகிறீர்கள், பந்து எறிகிறீர்கள், பல் தீட்டுகிறீர்கள், தீக்குச்சி கிழிக்கிறீர்கள் என்று ஒரு வரிசைக் கேள்விகள். எழுதுவதும் சாப்பிடுவதும் எனக்கு வலக்கையால்தான். பல் தீட்டுவது, தும்புத்தடியால் கூட்டுவது, எறிவது, ஏந்துவது எல்லாம் இடக்கைதான். நான் யோசிப்பதைப் பார்த்து மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“உதிலை போய் இடக்கை எண்டு போடாதேங்கோ. எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எல்லாவற்றுக்கும் வலது என்று கோடு போட்டேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்த திருப்தி இருந்தது. அந்தக் கேள்விகளை எதற்குக் கேட்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

படம் எடுப்பது பயங்கரமாக இருந்தது. கையில் ஊசியைக் குத்தி, கதிர்வீச்சுள்ள தண்ணீர் என்று எதையோ ஏற்றினார்கள். தலை அசையாமல் முகத்துக்கு ஒரு மூடியைப் போட்டு இறுக்கினார்கள். கண்ணுக்கு மேல் திரையில் ஆங்கில வசனங்கள் வந்தன. தனியே வாசித்தபோது வழக்கம்போல இழுபட்டேன். பிறகு காதுக்குள் ஒரு ஆணின் குரலை விட்டு, அதோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க வாசித்து முடித்தேன். மூடிக்குள்ளேயே அழுதுவிட்டேன், துடைக்கக்கூட வழியில்லை.

அங்கே உதவி ஆராய்ச்சியாளராக இருந்த இளம் பெண் என்னை வெளியே எடுத்துத் துடைக்கத் தாள் தந்தாள். இன்னொரு குரல் கூட இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான் போய்விடும் என்றாள். ஏன் என்று கேட்டேன். அதைத்தான் தேடுகிறோம் என்றாள். நல்ல பெண், பொய் சொல்லவில்லை.

பயிற்சியில் ஆறு பேர் வட்டமாக இருந்து, பற்றரி இறங்கின டேப் ரெக்கோர்டர் போலக் கதைத்தோம். முதலில் மூச்சை விடு, பிறகு குரலை மெல்லச் சேர், முதல் எழுத்தை நீட்டு. எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு கிழமை முடிவில் என் முகவரியைத் திக்காமல் சொன்னேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் வேண்டுமென்றே டிரைவரிடம் வழி கேட்டேன், தெரிந்த வழியை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் நடையின் மறுகோடியில் இருந்து என் லொக்கர் சாவியைத் தூக்கிப் போட்டாள். நான் ஏந்தினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். திருப்பி எறியச் சொன்னாள். எறிந்தேன். அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன்.

பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். வலக்கைக்காரர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம், இடக்கைக்காரர்களில் சிலருக்கு அது மாறியிருக்கலாம், இரண்டையும் கலந்தால் ஆராய்ச்சி பிழையாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்காகத்தான் வலக்கைக்காரரை மட்டும் சேர்த்தார்களாம். என் படங்களைச் சேர்க்க முடியாது. பயிற்சி இடமும் ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்குத்தான். பொது வகுப்புக்குப் பெயர் பதியலாம், ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கையைக் கட்டிய கதையை இழுத்து இழுத்து அவருக்குச் சொன்னேன். அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார். அதனால்தானா எனக்கு இது வந்தது என்று கேட்டேன். ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள் என்றார். பிறகு தேடிப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. உங்கள் அம்மா கட்டியிருக்காவிட்டாலும் இது அநேகமாக வந்திருக்கும் என்றார். அப்படியென்றால் எங்கிருந்து வந்தது என்றேன். மூளையில்தான் எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று தெரியாது என்றார். இவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு தெரியாது என்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் ஒரு வசனம் கையோடு கிடைத்திருந்தது. அது கட்டினதால் இல்லை.

போரில் ஊர் இடம்பெயர்ந்த பிறகு அம்மா கொழும்பில் அக்காவோடு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தார். கீழே வீட்டுக்காரரின் ஃபோனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்போம். அம்மாவே எல்லாவற்றையும் கதைப்பார், நான் ‘சரி’, ‘ம்’ என்பேன். அந்தக் கிழமை முழுக்க நான் ஒரே வசனத்தைக் குளியலறைக்குள் பழகினேன். எனக்கு வராத எழுத்தில் தொடங்காமல், இலேசான சொல்லில் தொடங்குகிற மாதிரி அடுக்கினேன். தனியே இருந்தபோது அது முழுதாகவே வந்தது. தான் சொல்லிவிடட்டோ என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிச் சீறினேன். இது என் வாயால் போக வேண்டிய சொல் என்ற திமிர் எனக்கு.

ஞாயிறு வந்தது. அம்மா குளிரைப் பற்றிக் கேட்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு, மூச்சு வாங்க நிறுத்தினார். நான் மூச்சை விட்டேன். குரலை மெல்லச் சேர்த்தேன்.

“நீங்கள் கையைக் கட்டினதாலை…”

அதுவரை வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ‘இல்லை’. ‘இ’ வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, தொண்டை பூட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘இல்லை’ முதலிலேயே வந்துவிடும். தமிழில் கடைசியில்தான் வரும். தொடக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்து அடுக்கிய நான் முடிவை யோசிக்கவில்லை. அங்கே அம்மா காத்திருந்தார். முப்பது வருடமாக என்னைக் குறுக்கே வெட்டாமல் காத்திருந்து பழகியவர்.

“தெரியும் ராசா,” என்றார். “நான்தான் செய்தனான். நீ இண்டைக்காவது வாய் திறந்து சொல்லிப்போட்டாய்.”

ஃபோன் அக்காவின் கைக்குப் போனது. அம்மா அழுகிறா, என்னத்தைச் சொன்னனீ என்று அக்கா கேட்டாள். எனக்கு அப்போதும் அந்த ‘இ’ வரவில்லை. மனைவி ஃபோனைப் பறித்து டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் அக்காவுக்குச் சொன்னாள். அக்கா அதை அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா தந்த பதிலை அடுத்த ஞாயிறு அக்கா எங்களுக்குச் சொன்னாள்.

“மருமகள் பூசி மெழுகிறாள். பிள்ளை தன்ரை வாயாலை சொன்னதை நான் என்ரை காதாலை கேட்டனான்.”

நான் நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன், வேலைத்தலத்து உறையில் போட்டு அனுப்பினேன். அக்கா அதை வாசித்துக் காட்டினாளாம். நல்லா எழுதியிருக்கிறான், சின்னனிலேயே கட்டுரை நல்லா எழுதுவான் என்று மட்டும் அம்மா சொன்னாராம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா படி இறங்கி வரவில்லை. முழங்கால் நோவு என்று அக்கா சொன்னாள். மூன்றாம் மாதம் நித்திரையிலேயே போய்விட்டார்.

எங்கள் அகதி விண்ணப்பம் அப்போதும் முடியவில்லை, போக முடியாது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் செய்தோம். தர்ப்பை போட ஐயர் கேட்க முன்பே என் வலக்கை நீண்டது. அந்த அளவுக்கு அம்மா பழக்கியிருந்தார். ஐயர் மந்திரத்தைச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு சொல்லை முடிக்க முன்பே நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு மணித்தியாலம். எனக்கு விளங்காத மொழியில், அம்மாவுக்குச் சேர வேண்டியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

முடிந்து எழும்பியபோது பிக்கரிங்கில் இருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், வயதானவர், என் தோளைத் தட்டினார்.

“தம்பி, இப்ப வடிவாக் கதைக்கிறீர். கொன்னை போயிட்டுது போலை. அம்மா கேட்டிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள், சாப்பிடப் போனார்.