நாற்பதின் ஓய்வுப் பணம்

பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஆறு சக்கரங்களையும் காலால் தட்டிப் பார்த்தால்தான் அவருக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார மனம் வரும். முப்பத்தோரு ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். வேகமுள் நாற்பதைத் தாண்டியதில்லை. சைக்கிள்காரர்கள்கூட முந்துகிறார்கள் என்று பிள்ளைகள் ‘நாற்பது’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. “சீக்கிரம் போயி யார் கையில பரிசு வாங்கப் போறோம்?” என்பார்.

ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையிலேயே, வரப்போகும் பணத்தை எங்கே போடுவது என்ற கவலை பிடித்துக்கொண்டது. மாதாமாதம் ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை, மனைவியின் தையல் வருமானம், அவ்வளவுதான் மிச்ச வாழ்க்கைக்கு. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் சீருடையோடு வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். “முதலுக்கு மோசம் வராதே? அவசரத்துக்குப் பாதியில எடுத்தா எவ்வளவு வெட்டுவீங்க?”

நான்காவது வங்கியில் ஒரு பெண், வைப்புத்தொகை பாதுகாப்பானதுதான், ஆனால் விலைவாசி ஏற ஏற வட்டியைத் தின்றுவிடும் என்று சொன்னாள். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவளிடமே கேட்டு, வீட்டுக்கு வந்து மனைவியோடு பேசி முடிவு செய்தார். பாதியை ஆண்டுக்கு ஒன்றாக முதிர்கிற மாதிரி இரண்டு வங்கிகளில் வைப்பாகப் பிரிப்பது. மீதியில் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரம். வைத்தியச் செலவுக்குக் கொஞ்சம் கைக்கெட்டும் தூரத்தில்.

அப்போதுதான் மைத்துனர் வந்தார். மனைவியின் ஒரே தம்பி, கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். “பேங்க்ல வருஷம் முழுக்கத் தர்றத இவங்க ரெண்டே மாசத்துல தர்றாங்க மாமா” என்று ஒரு நிறுவனத்துக்கு அழைத்தார். மனைவியின் முகத்துக்காக இவரும் போனார். குளுகுளு அறை, காப்பி, வழவழப்பான காகிதங்கள். மேலாளர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க தம்பி?” என்றார். மேலாளர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுக்குத் தாவினார். இவர் எழுந்துவிட்டார்.

மைத்துனர் மூன்று வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பியை நாலு பேர் முன்னால் சின்னவனாக்கிவிட்டதாக மனைவி பாத்திரங்களிடம் முறையிட்டாள். அது அவரை அவ்வளவாக அறுக்கவில்லை. அன்று நிறுவனத்தின் படியிறங்கும்போது மைத்துனர் வாய் தவறிச் சொன்ன ஒன்றுதான் அறுத்தது: கடையைப் பெரிதாக்கச் சேர்த்ததையெல்லாம் அவர் ஏற்கெனவே அங்கே கொட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இவரே தேடிப் போனார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. “ஒன்னை அவமானப்படுத்தக் கேக்கல மாப்ளே. எனக்குப் பயம். நீ ஒரே ஒரு தடவ பணத்தத் திருப்பிக் கேட்டுப் பாரு. கையில குடுத்தா நல்ல கம்பெனிதான், மறுநாளே போட்டுக்க.”

மைத்துனர் வேண்டாவெறுப்பாகக் கேட்டுப் பார்த்தார். ஐந்து முறை அலைந்த பிறகு பாதி வந்தது. மீதி அடுத்த மாதம் என்றார்கள். மூன்று அடுத்த மாதங்கள் போய்விட்டன. அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்பதில்லை, மனைவியையும் கேட்கவிடுவதில்லை.

ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்துப் பணம் கைக்கு வந்தபோது, மாமனும், திரும்பி வந்த பாதியோடு மைத்துனரும் ஒன்றாகவே அந்தப் பெண்ணின் வங்கிக்குப் போனார்கள். கூட்டம் அதிகம். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு இவருடைய எண்ணை அழைத்தார்கள். இவர் எழவில்லை. எண் சீட்டை மைத்துனரின் சட்டைப் பையில் செருகி, “நீ முதல்ல போ” என்றார். அவர் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.