ஒரு நாள் வேலி

1. டிவைடர்

நகரமைப்புப் பிரிவில் நான் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்ற மூன்றாவது வாரம், ஒரு கல்யாண மண்டபத்தின் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலைப் பக்கத்து இடம். கட்டடம் முடிந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி மட்டும்தான் பாக்கி. எங்கள் ஊரில் இந்த வரிசை புதிதல்ல.

மண்டபம் சாலையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. இடையில் ஒரு பாதை. பத்திரத்தில் ‘வண்டிப்பாதை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்த வண்டி, எவ்வளவு அகலம் என்று ஒரு சொல் இல்லை. பத்துப் பன்னிரண்டு சிலிண்டர் வைத்துச் சமைக்கிற இடத்துக்குத் தீயணைப்பு வண்டி போய்த் திரும்ப வேண்டாமா? அதனால் ஏழு மீட்டர் கேட்டிருந்தோம். பிளானிலும் ஏழு என்றுதான் போட்டிருந்தது. நேரில் அளக்கப் போனேன்.

மண்டபத்துக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி, டவுனில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர். இளநீரோடு காத்திருந்தார். இளநீரை வேண்டாம் என்றுவிட்டு டேப்பை எடுத்தேன். பத்து சென்டிமீட்டர் கூடுதலாகவே இருந்தது.

ஆனால் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய போர்டு. மகாலின் பெயர், மாப்பிள்ளை பெண் படம், ஏ.சி. வசதி, கார் பார்க்கிங் எல்லாம் போட்டு, இரண்டு இரும்புக் கால்களில் வளைவு மாதிரி நின்றது. அதற்கும் அனுமதி கிடையாது. இடது கால் பாதையின் ஓரத்தில் இருந்தது. வலது கால் பாதையின் நடுவில் நின்றது.

“என்ன அண்ணாச்சி, கால் நடுவுல நிக்குது?”

அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “அது டிவைடர் மேடம். இங்கிட்டு கூடிப் போவணும், அங்கிட்டு கூடி வரணும். கூட்டம் வந்தா முட்டிக்கிடக் கூடாதுல்லா.”

சிரிப்பை அடக்க டேப்பைச் சுற்றுவது நல்ல வழி. மெதுவாகச் சுற்றினேன்.

2. வெடிக்காத மண்

பாதையின் வலது பக்கம் முழுவதும் கெங்குசாமி ஐயாவின் நிலம். உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாரோ வரச் சொன்னதால் வந்தவர்போல வேலியோரம் நின்றிருந்தார்.

சித்திரை மாதம். கரிசல் காய்ந்து, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. போர்டின் வலது காலிலிருந்து நேர்கோடாக நடந்தேன். மூன்று எட்டுக்கு ஓரிடம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வெடிப்பே இல்லாத மண். பேனாவை வைத்து அழுத்தினேன், மூடிவரை இறங்கியது. மண்டபம்வரை அப்படித்தான். எல்லாம் கல்தூணைப் பிடுங்கி மூடிய குழிகள். வேலி எனக்காக மூன்று மீட்டர் நகர்ந்து நின்றுகொண்டிருந்தது.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால், “அது வேற குழி மேடம்” என்பார் அண்ணாச்சி. டிவைடர் என்று சொன்ன வாய் அது. ஸ்கூட்டர் சீட்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன்.

3. எக்காலத்திலும்

“ஐயா, ஒரு கையெழுத்து வேணும். படிக்கேன், கேளுங்க.”

சத்தமாகப் படித்தேன்: “இன்று அளக்கப்பட்ட ஏழு மீட்டர் பாதை, பொதுமக்களும் வாகனங்களும் போய்வர நிரந்தரமாக விடப்படுகிறது. இதை அடைக்க எனக்கோ என் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் உரிமை இல்லை என்று சம்மதிக்கிறேன்.”

அப்படி ஒரு படிவம் எங்கள் ஆபீசில் கிடையாது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் உண்டாக்கியது.

“எக்காலத்திலும்னா, தாயி?”

“உங்க பேரன் காலத்துலயும்தான்.”

துண்டை உருவிக் கையில் எடுத்தார். “ஏ தங்கராசு! மேடம் போன பொறவு சாயந்தரமே வேலிய பழைய எடத்துல ஊனித் தாரேன்னுல்லா சொன்ன? இது என்ன, வாரிசுங்காவ?”

“அவருக்கு வெயில்ல தலை சுத்துது மேடம்...”

“வெயிலா? பொறந்ததுல இருந்து நான் இதுலதாம்டே நிக்கேன்.” என் பக்கம் திரும்பினார். “எம்மவளுக்கு ஆவணியில கல்யாணம், தாயி. மண்டபத்தச் சும்மா தாரேன்னான். ஒரு நாளுதானேன்னு வேலிய நவுத்தவிட்டேன். தப்புதான். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணச் சமையலும் இங்கேதான் நடக்கும். “உள்ள நானூறு பேரு இருக்கும்போது தீப்பிடிச்சா, வண்டி எங்கன கூடி வரும் ஐயா?” என்றேன்.

நிராகரிக்கப் பரிந்துரைத்து, அந்தத் தாளையும் சேர்த்து ஃபைலை மேலே அனுப்பினேன். அதிகாரி கூப்பிட்டார். “இது எந்த ரூல்ல வருது மேடம்? இதுல கையெழுத்தே இல்லையே?”

“எந்த ரூல்லயும் வரல சார். கையெழுத்துப் போட மாட்டேன்னதுதான் ரிப்போர்ட்டே.”

தாளை இரண்டு தடவை படித்தார். டைப்பிஸ்டைக் கூப்பிட்டு, இனி பாதை சம்பந்தப்பட்ட எல்லா ஃபைலுக்கும் இதை வாங்கச் சொன்னார்.

அண்ணாச்சிக்கு வேறு வழியில்லை. அந்த மூன்று மீட்டருக்கு ஈடாக மண்டபத்தின் பின்பக்கம் அதே அளவு நிலம் கேட்டார் கெங்குசாமி ஐயா. அண்ணாச்சி அங்கே போட்டிருந்த போர்வெல்லும் சேர்ந்தே வரும்படி பார்த்துத்தான் ஐயா இடத்தைக் காட்டினார். பரிவர்த்தனைப் பத்திரம் பதிவானது. போர்டைப் பாதியாகக் குறைத்து மண்டபத்தின் முகப்பில் மாட்டச் சொன்னேன். வெட்டியதில் மாப்பிள்ளை போய்விட்டார். பெண் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆய்வில் ஐயா என்னை அந்தத் தாளை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். “எக்காலத்திலும்” வந்த இடத்தில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆவணியில் கல்யாணம் அங்கேயே நடந்தது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். டேப் அளவைச் சொல்லும். அந்த அளவுக்கு யார் கட்டுப்படப் போகிறாரோ அவரைக் கூப்பிட்டு, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மீதியை அவரே சொல்லிவிடுவார்.