சசிகலாவின் கூவல்

கல்லூரியில் நான் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் எழுதியதெல்லாம் பொய். முதல்வர் அறை அலமாரியில் கரையான் முனைவர் பட்டம் வாங்கிவிட்டது என்று எழுதினேன். விடுதி சாம்பாரில் பருப்பைக் கண்டவருக்குப் பாராட்டு விழா என்று எழுதினேன். அதனால் இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இது நடந்தது. போன கார்த்திகையில், ஜமுனாமரத்தூரிலிருந்து அரை மணி நேர ஜீப் தூரத்தில். அன்று மேலே போனது இரண்டு பேர். நான் ஒருவன். மற்றவரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார், என்னைவிடக் குறைவான வார்த்தைகளில்.

என் பெயர் சக்கரவர்த்தி. ஊர் கணியம்பாடி. நான் ஆளும் பரப்பு ஐம்பது ஏக்கர் மலைச்சரிவு. குடிமக்கள் அனைவரும் உண்ணிச்செடிகள். ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுக்கப் புல்வெளியாக இருந்ததாம், மான் மேய்ந்ததாம். பிறகு உண்ணிச்செடி ஏறி, இரண்டு ஆள் உயரத்துக்குப் புதராகி, புல்லை மூடிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பழைய புல்லை மறுபடி விதைப்பதுதான் எங்கள் திட்டம். புல் வந்தால் மான் வரும், மான் வந்தால் மற்றவையும் வரும் என்று திட்டத் தலைவி சிவசங்கரி மேடம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். மற்றவை என்றால் எவை என்று அதில் இல்லை.

உண்ணிச்செடியைச் சும்மா வெட்டினால் இரண்டு மடங்கு துளிர்க்கும். மண்ணுக்குள் கொத்தி, வேரை நறுக்கி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாக வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்தபடி காய்ந்து சாகும். வேலை முடிந்த சரிவைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூட்டமே தலைகீழாக நிற்பது போலிருக்கும். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதருக்குள் ஆளுக்கு ஒரு வழி வெட்டிக்கொண்டு மேலே போவோம். பக்கத்து வழியில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. கரடி நடமாடும் இடம் வேறு. அதனால் வேலை முடியும்போது மேஸ்திரி பாண்டுரங்கன் அடிவாரத்தில் நின்று கூவுவார். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் பதில் கூவ வேண்டும். கீழே இருப்பவர் முதலில், உச்சியில் இருப்பவர் கடைசியில். ஆளுக்கு ஒரு கூவல், அதை மாற்றக் கூடாது. ஒரு குரல் குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

என் கூவலுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது.

"முட்ட போட்ட கோழி மாதிரி கீது," என்பாள் சசிகலா. "இத்தக் கேட்டா கரடி ஓடாது ராஜா. ஊட்டுக்கு எத்துனு போய் வளக்கும்."

சசிகலா மேஸ்திரியின் ஒரே மகள். எல்லோருக்கும் மேலே, உச்சிப் பக்கம் வெட்டுகிறவள் எப்போதும் அவள்தான். அவள் கூவல் நீளமாக ஏறும். கடைசியில் விக்கல் வந்தது போல் ஒரு வெட்டு. ஊஊஊ...க்.

அன்று காலையிலிருந்தே தூறல். மூன்றரை மணிக்கு மூடுபனி இறங்கியது. நாலு மணிக்கு என் மண்வெட்டியின் பிடி தெரிந்தது, நுனி தெரியவில்லை.

4:40. மேஸ்திரி கூவினார். ஹோய்ய்...

பதில்கள் வந்தன. முதலில் கோழி, அதாவது நான். பிறகு மற்ற நாலு பேர். கடைசியில் மேலேயிருந்து... ஊஊஊ...க்.

ஆறு. கணக்கு சரி. இறங்கினோம்.

ஐந்து பேர் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். மண்வெட்டியைக் கழுவினோம். சசிகலா வரவில்லை.

"வருவா," என்றார் மேஸ்திரி. "ஒசரத்துலேர்ந்து வர்ணும்ல."

மறுபடி கூவினார். பதில் வந்தது. அதே இடத்திலிருந்து.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பதில் வந்தது. இந்த முறை இன்னும் மேலேயிருந்து.

மேஸ்திரி கையிலிருந்த துண்டைக் கீழே போட்டார். "கீழன்னு நெனச்சிக்கினு மேல போறா."

அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். சரிவின் உச்சியில் ஒரு பாறை. அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது, நேராகப் பள்ளம். புதர் முடிந்த கையோடு விளிம்பு தொடங்கிவிடும். நல்ல வெயிலிலேயே அங்கே காலைப் பார்த்து வைக்க வேண்டும். இந்த மூடுபனியில் அவள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

அவர் ஓடினார். நெற்றியில் கட்டும் விளக்கு என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதனால் நானும் ஓடினேன். வீரம் என்று எழுத ஆசைதான். விளக்குதான் காரணம். மற்ற நாலு பேர் அடிவாரத்திலேயே நின்று, எங்களுக்குத் திசை தப்பாமல் இருக்க விட்டு விட்டுக் குரல் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது தேய்ந்துவிட்டது.

சசிகலா வெட்டிய வழியில் ஏறினோம். அது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அதை அளப்பவன் நான். வளைந்த ஆவிமரம் ஒன்று இருக்கிறது (அது மரத்தின் பெயர்தான், பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அதோடு முடியும்.

ஆவிமரம் வந்தது. வழி முடியவில்லை.

மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் செடிகள் தலைகீழாக நின்றன. வேர்களிலிருந்து ஈர மண் சொட்டியது... சொத். சொத்.

"இவ்ளோ தூரம் எப்ப வெட்னா?" என்றார் மேஸ்திரி.

நான் ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தேன். நறுக்கிய வேர் இல்லை. ஆணிவேர் முழுசாக, நுனிவரை இருந்தது. இரண்டு ஆள் உயரச் செடியை யாரோ முடியைப் பிடுங்குவது போல் பிடுங்கியிருந்தார்கள்.

ஊஊஊ...க்.

"சசீ... காலு கீலு பட்டுதா?"

ஊஊஊ...க்.

"இன்னாடி ஆச்சி? வாயத் தொறந்து சொல்லேன்."

ஊஊஊ...க்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை கூவலும் ஒரே நீளம். விக்கல் விழும் இடம்கூட ஒன்றே. மலையேறுகிற ஆளுக்கு மூச்சு வாங்கும், குரல் தேயும். இது தேயவில்லை. புதர் விலகும் சத்தமும் இல்லை. பூச்சிச் சத்தமும் இல்லை.

5:12. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த உயரத்தில் எப்போதாவது சிக்னல் வரும்.

திரையில் பெயர் பார்த்தேன்.

சசிகலா.

"எங்க போய்த் தொலஞ்சீங்க எல்லாரும்?" தூக்கக் கலக்கமான குரல். "முனிசாமி அண்ணனயும் காணோம்."

முனிசாமி எங்கள் ஜீப் ஓட்டுநர். அடிவாரத்திலிருந்து ஒரு வளைவு தள்ளி ரோட்டில்தான் ஜீப்பை நிறுத்துவார்.

"நீ எங்க இருக்க?"

"வண்டில. தலவலின்னு மூணு மணிக்கே வந்து பட்துட்டேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு முனிசாமி அண்ணன் சொன்னாரு. டீ குடிக்கப் போனவரு அங்கியே குந்திட்டாரு போல. இன்னா ராஜா, மூச்சு வாங்குது. கரடி தொரத்துதா?"

"சசி, உங்கப்பா மேல போறாரு. உன்ன தேடினு. நீ கூவுற..."

அப்போது மேலேயிருந்து...

ஊஊஊ...க்.

 

"அது யாரு?" என்றாள் சசிகலா.

சிக்னல் போய்விட்டது.

மேஸ்திரி எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"மேஸ்திரி, நில்லுங்க. சசி கீழ இருக்கு. வண்டில. இப்பதான் பேசுச்சு."

"வெளையாடாத தம்பி."

"சத்தியமா."

"போன வாரமும் சத்தியமாதான் சொன்ன, கரடி வர்துன்னு. நான் மரமேறினு குந்தினு இருந்தேன்."

போனை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. "எம் பொண்ணு கொரலு எனுக்குத் தெரியாதா?" என்று கையை உதறினார். பாறை உடைத்த கை. நான் விழுந்தேன்.

எழுந்தபோது கீழேயிருந்து கேட்டது. தூரத்தில்.

ஊஊஊ...க்.

மேஸ்திரி நின்றார்.

மேலேயிருந்து... ஊஊஊ...க்.

இரண்டும் ஒன்றுதான். ஏற்றமும், விக்கலும்.

"ரெண்டா கீது," என்றார். மிகவும் மெதுவாக.

அடுத்தது மேலே, பக்கத்தில் வந்தது. அடுத்த தலைகீழ்ச் செடிக்குப் பின்னால். விளக்கைத் திருப்பினேன்.

வெள்ளை.

வெள்ளைக்குள் ஒரு செடியின் வேர்கள்.

காற்றில்லை.

வேர்கள் அசைந்தன.

மேஸ்திரி மேலே ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி.

அப்போது கீழேயிருந்து, தொண்டை கிழிய:

"எப்பா... காது அடச்சிகிச்சா உனுக்கு? காலைல பிரஷர் மாத்தர போட்டியா? டப்பால அப்டியே கீது, பாத்துட்டுதான் வந்தேன். ஒடுகத்தூர் போய் வாங்கினு வந்தது நானு. இவரு மலையேற வந்துட்டாரு. எறங்கு மொதல்ல. எறங்குன்றேன்ல."

மேஸ்திரி தூக்கிய காலைப் பின்னால் வைத்தார்.

"இதான் எம் பொண்ணு," என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மேலே கூவல் நின்றுவிட்டது. அதன்பிறகு வரவே இல்லை.

வேறு சத்தம் வந்தது.

பர்ர்...க்.

செடி பிடுங்கும் சத்தம். எங்களுக்குப் பின்னால், மேலே.

கொஞ்சம் கீழே இன்னொன்று.

பர்ர்...க்.

இன்னும் கீழே.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவிமரத்தைத் தாண்டியதும் அது நின்றது.

அடிவாரத்தில் சசிகலா நின்றிருந்தாள். அப்பாவைத் துண்டாலேயே நாலு அடி அடித்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீயோடு வந்த முனிசாமியை யாரும் திட்டக்கூட இல்லை. 

மறுநாள் நல்ல வெயில். எல்லோரும் சேர்ந்து மேலே போய்ப் பார்த்தோம். வழி இருந்தது. யார் வெட்டியது என்று ஒவ்வொருவரையும் கேட்டோம், யாரும் வெட்டவில்லை. மேஸ்திரியின் கடைசிக் காலடி ஈர மண்ணில் பதிந்திருந்தது. அதற்கு மூன்று முழம் தள்ளி விளிம்பு. முந்தின நாள் நான் விளக்கைத் திருப்பிய திசையில் செடியே இல்லை. செடி நிற்க அங்கே மண்ணே இல்லை. பள்ளம்தான் இருந்தது.

சிவசங்கரி மேடம் எதிரொலி என்றார். வண்டியில் தூங்கினவளுக்கு மலைமேல் எதிரொலி எப்படி வரும் மேடம் என்று கேட்டேன். அவருக்கு வேறு கூட்டம் இருந்தது. ஆனாலும் கூவும் வழக்கத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு விசில் கொடுத்தார். மேஸ்திரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவரும் மகளும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கூவலை நம்பக் கூடாது. திட்டினால்தான் அது சசிகலா.

வேலை தொடர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் புல் விதைத்தாக வேண்டுமே.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எந்தெந்தப் பறவைகள் திரும்பி வருகின்றன என்று தெரிந்துகொள்ள, உச்சிப் பாறைக்குப் பக்கத்து மரம் ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவி கட்டியிருக்கிறோம். இரவும் பகலும் தானாகப் பதிவு செய்யும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றிக் கேட்பது மேடத்தின் வேலை.  ஹெட்போனை நீட்டினார்.

சம்பவத்துக்குப் பத்து நாள் முந்தைய பதிவு. அதிகாலை 2:15.

ஒரு கூவல். சசிகலாவுடையது மாதிரி. ஆனால் குட்டை, விக்கல் இல்லை. மறுபடி. இந்த முறை விக்கல் நடுவில் விழுந்தது. மறுபடி. மறுபடி... விடியும்வரை.

அடுத்த இரவு கொஞ்சம் சரியாக இருந்தது. அதற்கடுத்த இரவு இன்னும் சரியாக.

சம்பவத்துக்கு முந்தின நாள் இரவு, அச்சு அசல். ஊஊஊ...க்.

"பழகியிருக்கு," என்றேன். 

"சம்பவத்துக்கு அப்புறம் பதிவானதையும் கேளு," என்றார் மேடம்.

அவற்றில் கூவல் இல்லை. முதல் இரவு ஏதோ முனகல், ஏற்ற இறக்கம் மட்டும். மூன்றாம் இரவு, "...ப்பா... ப்பா..." ஐந்தாம் இரவு, "...த்தர... மாத்தர..."

கடைசிப் பதிவை மட்டும் நாங்கள் மேஸ்திரியிடம் போட்டுக் காட்டினோம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டார். சிரித்தார்.

"எம் பொண்ணுதான்," என்றார். "எப்பத் திட்னா இப்படி?"