முடிவில் நன்றி கூறினார்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பெரிய திரையில் ஒரு கட்டுரையின் தலைக்கு மேல் கிடந்த சிவப்புப் பட்டை. அதில், இந்தக் கட்டுரை நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது, சார்பற்ற ஆதாரம் இல்லை, ஏழு நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று எழுதியிருந்தது.

நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தருவது வேலை. பதினான்கு மாணவர்கள். ஒவ்வொருவரும் இந்த வட்டாரத்துக் கல்வியாளர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். சிவப்புப் பட்டை விழுந்த கட்டுரை, அதே கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியையைப் பற்றியது. எழுதியவள் இரண்டாம் ஆண்டு மாணவி.

"போச்சு. ஏ பிள்ள, ஒன் மேடத்தைக் காலி பண்ணிட்டானுவ" என்றான் பின்வரிசையில் இருந்த திருச்செந்தூர்க்காரன்.

"ஒன் கட்டுரை மட்டும் நிக்குமோ? கல்விக் கடல், கருணைக் கடல்னு ரெண்டு கடலைப் போட்டு வச்சிருக்க. மீனு பிடிக்கவா?" என்றாள் அவள்.

"எங்க ஊர்ல கடல் கெடக்குல்லா. அதான் தாராளமாப் போட்டேன்."

எல்லோருடைய முதல் படியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி எழுதுவது என்றால் அவர்கள் படித்திருந்தது பிரிவுபசார விழா மலர்களையும் தெருமுனை ஃபிளெக்ஸ் பலகைகளையும்தான். நான் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதிக்கொண்டிருந்தேன்: இது எங்கே அச்சாகியிருக்கிறது?

அந்த மாணவியின் கட்டுரையில் கடல் எதுவும் இல்லை. ஒரு வரிதான் முக்கியமானது. மாஞ்சோலை ஓடைகளில் வளரும் பெரணிச் செடிகளைத் தேடிப் பட்டியலிட்டவர் இந்தப் பேராசிரியை என்பது அந்த வரி. ஆதாரம் கேட்டேன்.

"எங்க அம்மைக்குத் தெரியும், சார்."

அவள் மாஞ்சோலையில் பிறந்தவள். தேயிலை பறித்த அம்மாவும் மற்றவர்களும் எஸ்டேட்டை விட்டு இறங்கி, இப்போது கீழே மணிமுத்தாறு பக்கம் குடியிருக்கிறார்கள். அம்மாவின் இளவயதில் இந்தப் பேராசிரியை சனிக்கிழமைதோறும் மலை பஸ்ஸில் வருவாராம். கையில் பழைய செய்தித்தாள் கட்டு. ஓடையில் இறங்கிச் செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து அமுக்கிக் கட்டுவாராம். அட்டை கடித்த இடத்தில் உப்பு வைத்துவிட்டது தன் அம்மாதான் என்றாள்.

"அம்மா சொல்வதை மேற்கோளாகப் போட முடியாது" என்றேன்.

"பாத்தவங்க சொன்னா ஆதாரம் இல்ல. பாக்காதவங்க அச்சடிச்சா ஆதாரம். அப்படித்தான சார்?"

அப்படித்தான் என்றேன். ஒவ்வொருவரும் தன் வீட்டில் சொன்னதை எழுதத் தொடங்கினால் எதையும் சரிபார்க்க முடியாது என்றும் சொன்னேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை, நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஒரு செய்தியைக் கைபேசியில் படமெடுத்து வந்திருந்தாள். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய இதழ், நான்காம் பக்கம், பதினோரு வரி. வகுப்பில் உரக்கப் படித்தேன். பெயர்களை விட்டுச் சொன்னால் செய்தி இவ்வளவுதான்: மாஞ்சோலைப் பெரணிச் செடிகள் பற்றிய ஆய்வு நூல் கல்லூரியில் வெளியிடப்பட்டது. முதல்வர் தலைமை தாங்கினார். நூலை எழுதிய துறைத்தலைவர் பாராட்டப்பட்டார். முடிவில் தாவரவியல் பேராசிரியை நன்றி கூறினார்.

"நல்ல ஆதாரம். வெளியார் எழுதியது, தேதி இருக்கிறது, பக்கம் இருக்கிறது" என்றேன்.

"ஆதாரம் நல்லாத்தான் இருக்கு சார். விசயம் தப்பு. இதைப் போட்டா மேடம் நன்றி சொன்னாங்கங்கது மட்டும் நிக்கும். போடலைன்னா கட்டுரையே போயிரும்."

மூன்றாவது வரியைப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவர் பெயர் போடாத செய்தி, எழுதியது நான். அன்று வகுப்பில் அதைச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் கல்லூரி விழாச் செய்தியை அழைப்பிதழைப் பார்த்துத்தான் எழுதுவோம். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று வரிசையாக அச்சடித்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்தால் செய்தி முடிந்தது. ஒரே மாலையில் நான்கு விழா இருக்கும். முதல் பேச்சு வரை இருந்துவிட்டு அடுத்த அரங்குக்குப் போவேன். அந்த அழைப்பிதழில் நூலாசிரியர் பெயர் இல்லை. பெரிய எழுத்தில் இருந்தது துறைத்தலைவரின் பெயர். அதையே போட்டேன். பேராசிரியையின் பெயர் கடைசி வரியில், நன்றியுரைக்கு எதிரே இருந்தது.

சனிக்கிழமை மாணவியோடு பெருமாள்புரத்தில் பேராசிரியையின் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். கைபேசியில் இருந்த செய்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"நான் நன்றி சொன்னேனா? எங்கன சொல்ல? பாதிக் கூட்டத்துல கரண்ட் போயிட்டு. மைக் இல்ல. எல்லாரும் இருட்டுல செருப்பைத் தேடிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நன்றியுரையே நடக்கலம்மா. இதை எழுதினவரு அங்கன இல்ல."

"எழுதினது நான்தான், மேடம்" என்றேன்.

மாணவி என் பக்கம் திரும்பினாள். பேராசிரியை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"முன்வரிசையில வடையோட இருந்தாரே ஒருத்தர். அது நீங்களா?"

"இருக்கலாம்."

"வடை நல்லா இருந்துச்சா?"

கைபேசியை எடுத்து மாணவியிடம் கொடுத்தேன்.

நூல் சிறியது, அட்டையில் துறையின் பெயர் மட்டும்தான் போட்டிருந்தது என்றார். அவரிடம் இருந்த பிரதிகள் வெள்ளம் வந்த வருடம் கீழ் அலமாரியோடு ஊறிப் போய்விட்டன. கிளம்பும்போது மாணவியிடம் சொன்னார்: "பாராட்டி ஒண்ணும் எழுத வேண்டாம். பதினோரு வருசம் அந்த ஓடையில நின்னுருக்கேன். பட்டியல் என்னோடதுன்னு எங்கயாவது ஒரு இடத்துல இருந்தாப் போதும்."

தெருவில் நின்றபடியே என் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். செய்திப் பிரிவில் இப்போது இருப்பவர் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர். திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, நேத்து வந்த தப்புக்கே இங்க எடம் இல்ல. நீங்க இருபத்தாறு வருசத்துக்கு முந்தி உள்ளதைச் சொல்லுதிய."

அப்படியென்றால் அவரைப் பற்றிப் புதிதாக ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற மாணவி தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் சார். நீங்க எங்க வகுப்பு சார். நீங்க எழுதி, அதை நாங்க மேற்கோள் போட்டா, நமக்கு நாமளே சான்றிதழ் குடுத்த மாதிரி. நீங்கதான சொல்லித்தந்திய."

போனை வைத்தேன்.

திங்கட்கிழமை, ஏழில் கடைசி நாள். கல்லூரி நூலகத்தின் பட்டியலில் பேராசிரியையின் பெயரில் எதுவும் இல்லை. அவள் முன்பே தேடியிருந்தாள். துறைத்தலைவரின் பெயரில் பார்க்கச் சொன்னேன். இருந்தது. நூலகர் உள்ளே போய் ஒல்லியான நூல் ஒன்றை எடுத்து வந்தார். முன்னட்டையின் உட்புறத்தில் என் செய்தியைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். காகிதம் பழுப்பேறியிருந்தது.

"இதைப் பாத்துத்தான் ஆசிரியர் பேரு எழுதியிருப்பாங்க போல" என்றார் நூலகர்.

எதிர்ப்பக்கத்தில் துறைத்தலைவரின் முன்னுரை. அவர் இறந்து பல வருடமாகிறது. ஓடைகளில் இறங்கியதும் செடிகளை இனம் கண்டதும் படங்களை வரைந்ததும் என் துறையின் ஆசிரியை, நான் எழுதியது இந்த ஒரு பக்கம் மட்டுமே என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார். கசிந்த பசை அந்தப் பக்கத்தின் ஓரத்திலும் கறையாகப் படிந்திருந்தது. நூலை மூடினால் என் செய்தியும் அவருடைய முன்னுரையும் ஒன்றின்மேல் ஒன்று படியும்.

மாணவி அங்கேயே உட்கார்ந்து முன்னுரையை மேற்கோளாகச் சேர்த்தாள். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், முகம் தெரியாத இரண்டு பேர் மாலைவரை வாதாடினார்கள். நூல் கல்லூரியின் சொந்த வெளியீடு, செய்தித்தாள்தான் சார்பற்றது என்றார் ஒருவர். தனக்கு வர இருந்த பெருமையைத் தானே மறுத்து எழுதிய துறைத்தலைவரின் சொல்லை ஏன் நம்பக்கூடாது என்றார் இன்னொருவர். அந்தச் செய்தியை எழுதியவன் நான், அது தவறு என்று நானும் ஒரு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: உங்கள் நினைவை மதிக்கிறோம், ஆனால் அது வெளியிடப்பட்ட ஆதாரம் அல்ல.

மறுநாள் காலை சிவப்புப் பட்டை இல்லை. பட்டியலைத் தயாரித்தவர் பேராசிரியை என்று நூலின் முன்னுரை கூறுகிறது, அக்காலச் செய்தி துறைத்தலைவரைக் குறிப்பிடுகிறது என்று இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக யாரோ திருத்தியிருந்தார்கள். மாணவி மாலையில் பெருமாள்புரம் போய்க் காட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பேராசிரியை இரண்டு முறை படித்தாராம். மாணவி தன் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டியபோது, "இதுக்கா ஒரு வாரம் அலைஞ்சே?" என்று கேட்டாளாம்.

கட்டுரையில் இப்போது நான்கு மேற்கோள்கள் இருக்கின்றன. இரண்டாவது அந்த முன்னுரை. மூன்றாவது நான்காம் பக்கத்துச் செய்தி. அதன் கடைசி வரி, முடிவில் தாவரவியல் பேராசிரியை நன்றி கூறினார் என்பது.