இரண்டு ஃபைல்களும் ஒரு பிராதும்

போன ஆடி மாதம் என் மனைவி வசந்தாவை என் கையாலேயே கொல்லப் பார்த்தேன். முருகன் தடுத்தான். வேறு மாதிரி சொன்னால் பொய்யாகிவிடும்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. இதயம் பலவீனம். பாதி வேலைதான் செய்கிறது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லி இரண்டு வருடமாக மாத்திரை. அது போதாதென்று இடது மார்பில் கட்டி. சேலத்தில் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள்.

நான் தாலுகா அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் குப்பை கொட்டியவன். மனு எப்படித் தள்ளுபடியாகும் என்பது எனக்கு அத்துப்படி. ஒரு தாளில் இரண்டு கோரிக்கை இருந்தால், மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறுபடி வந்தார்களா என்று பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தில் இவளுக்கும் இரண்டு ஃபைல் போட்டேன். இதயத்துக்குப் பச்சை, புற்றுநோய்க்கு மஞ்சள்.

தள்ளுபடிக்குக் காரணமாகும் காகிதத்தை எவனும் தானாக இணைக்க மாட்டான். இதயம் இப்படி என்று தெரிந்தால், இந்த வயதில் வேண்டாம் என்று சேலத்தில் கைகழுவிவிடுவார்கள் எனப் பயந்தேன். வேறு நோய் உண்டா என்று அந்த டாக்டர் கேட்டபோது, பிரஷர் மட்டும் என்று நானே பதில் சொன்னேன். இதயம் நன்றாக இருந்த காலத்து எக்கோ ரிப்போர்ட்டை, தேதி மங்கலாக விழும்படி நகலெடுத்து நீட்டினேன். வசந்தா வாயைத் திறந்தாள். முழங்கையால் இடித்தேன்.

சேலத்தில் புற்றுநோய்க்கான சிவப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு திணறியது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். கள்ளக்குறிச்சியில் சேர்த்தேன். அங்கே பச்சை ஃபைலை மட்டும் காட்டினேன். திடீரென்று ஏன் இப்படி என்று இதய டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். எனக்கு டாக்டர்கள் மேல்தான் கோபம்.

மூன்றாம் நாள், “நான் பொழைக்க மாட்டேன் போல கீதுங்க” என்றாள்.

அன்று காலையே பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்தில் முருகனுக்குப் பிராது கட்டுவார்கள். குறையைத் தாளில் எழுதிக் கோயில் வேலில் கட்டவேண்டும். நிறைவேறினால் திரும்ப வந்து, பிராதை வாபஸ் வாங்குவதாக ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டும். எனக்குப் பிடித்த நடைமுறை. தாள் விற்கும் பெண்ணிடம் இரண்டு கேட்டேன். இதயத்துக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று.

“ரெண்டு பேருக்காங்க?”

மனைவிக்கு மட்டும்தான் என்றேன். அவள் சிரித்தாள்.

“ஒரே ஒடம்புதானேங்க. ரெண்டா கிழிச்சுக் குடுத்தா சாமி இன்னாத்தப் பாக்கும்? ஒண்ணாவே எழுதுங்க.”

எழுதினேன். எனக்குத் தேதிவாரியாகத்தான் எழுத வரும். இதயம், கட்டி, சிவப்பு மருந்து ஏற்றிய தேதி, வீக்கம் கண்ட தேதி. கை நின்றுவிட்டது. இரண்டு வருடம் சமாளித்த இதயம் எந்த நாளிலிருந்து விழுந்தது என்பது என் கையெழுத்திலேயே இருந்தது.

வேலில் கட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன். இரண்டு ஃபைலையும் ஒரே நாடாவில் கட்டி இதய டாக்டர் மேசையில் வைத்தேன். மஞ்சளைப் புரட்டினார்.

“படிச்சவருதானே சார் நீங்க?”

அவ்வளவுதான் கேட்டார். அங்கிருந்தே சேலத்துக்குப் போன் போட்டார். அந்த மருந்து இதயத்தைத் தாக்கக்கூடியது, முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு வைத்தியம் பார்த்திருப்போம் என்றார்களாம். தள்ளுபடி செய்திருக்க மாட்டார்கள். எனக்கு விழுந்த அடி அதுதான்.

சிவப்பு மருந்து நின்றது. ஓரளவு தேறியபின் கட்டியை அறுத்தெடுத்தார்கள். இப்போது புற்றுநோய்க்கும் தினமும் மாத்திரைதான். இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டுதான் எதையும் செய்கிறார்கள். போன பலம் திரும்பவில்லை. தெருமுனைக்குப் போக வசந்தா இரண்டு இடத்தில் நிற்கிறாள். முருகன் அவளைக் கொடுத்தான். நான் கெடுத்ததை மட்டும் கெட்டபடியே வைத்தான்.

தை மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வசந்தா கேட்டாள்.

“நகல் எடுத்து ஏமாத்துனத எழுதினீங்களா?”

இல்லை. மனைவி குணமடைந்தார் என்று ஒரே வரி.

“அப்ப பாதியத்தான் குடுத்துட்டு வந்துகீறீங்க.”

மீதியை இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். முருகனிடம் நம்பிப் போங்கள், கேட்பான். போகும்போது எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். உங்களை மாட்டிவிடும் காகிதத்தை மேலே வையுங்கள்.