ஷேர் பட்டனுக்குள் இருந்த கமெண்ட்

1. ஒரே ஒரு கமெண்ட்

"ஏம்மா, நாம ஆப் நடத்துறமா, மனுநீதி நாள் நடத்துறமா?"

முதலாளி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். தேனி பஜாரில் விதை, உரம், மருந்து விற்பவர். வாடிக்கையாளர்களுக்காக அவர் கேட்டு நான் செய்தது ஒரு ஃபீட் ரீடர். மழை, மார்க்கெட், பயிர் நோய் என்று பல தளங்களில் வரும் செய்திகளை ஒரே பக்கத்தில் திரட்டித் தரும். ஒவ்வொரு செய்திக்குக் கீழும் ஷேர் பட்டன், கமெண்ட் பெட்டி. அந்தப் பெட்டிதான் என் பெருமை. அதற்கு மட்டும் இரண்டு மாதம் உழைத்திருந்தேன்.

ஆறு வாரத்தில் வந்தது ஒரே ஒரு கமெண்ட். மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் மக்காச்சோள விலைச் செய்திக்குக் கீழே 'அனுப்புநர், பெறுநர், ஐயா' என்று தொடங்கி, காலை பஸ்ஸை நேரத்துக்கு விடச் சொல்லி, 'இப்படிக்கு' போட்டு முடித்திருந்தார்.

"அடுத்த மாசம் வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஜனம் பேசலைன்னா ஆப்ப நிப்பாட்டிரு. நீயும் வேற வேலையப் பாத்துக்க."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் ஜனங்கள் மேல்.

2. ராயப்பன்பட்டி

அந்தக் கோபத்தோடுதான் ராயப்பன்பட்டிக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா அங்கே இரண்டு ஏக்கரில் திராட்சை போட்டிருந்தார். எங்கள் ஆப்பைத் தினமும் திறப்பவர். "ஏன்க்கா ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேங்கிறீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"அங்கன எழுதுனா ஊரு ஒலகமே பாக்கும்ல ஆத்தா? விவரம் தெரிஞ்சவுக இருப்பாக. நான் ஒண்ணு சொல்லப்போயி, அவுக சிரிச்சாகன்னா?"

பேசிக்கொண்டே போனைக் காட்டினார். செடி நோய் பற்றிய செய்தி ஒன்றை நாலு தோட்டக்காரர்களுக்கு ஷேர் செய்திருந்தார். மேலே ஒரு வரி: 'இந்த மருந்து போன தடவை எனக்குக் கேக்கல. இலையோட அடிப்பக்கம் அடிச்சதுக்கு அப்புறந்தான் நின்னுச்சு.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தேடிய கமெண்ட் இதுதான். ஜனங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஷேர் செய்யும்போது எழுதிய வரி, எங்கள் ஆப்பை விட்டு வெளியே போய்விட்டது.

மறுநாளே என் அருமைப் பெட்டியை நானே தூக்கினேன். வலித்தது. அதற்குப் பதிலாக, ஷேர் செய்யும்போது எழுதும் வரி அந்தச் செய்திக்குக் கீழேயே நிற்கும். யாருக்கு அனுப்பினோமோ அவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அங்கேயே பதில் போடலாம். எழுதியவர் 'மத்தவங்களுக்கும் போகலாம்' என்று டிக் செய்தால், வாங்கியவர் அடுத்தவருக்கு ஷேர் செய்யும்போது அந்த வரியும் கூடவே போகும்.

3. கூடலூர் மழை

திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தது. 'நாளை மறுநாள் லேசான மழை' என்று ஃபீடில் ஒரு செய்தி. பழம் பழுத்துத் தொங்கும் நேரத்தில் மழை விழுந்தால் திராட்சை வெடித்துவிடும், வாங்க ஆள் இருக்காது. கம்பத்துக்குத் தெற்கே கூடலூரில் இருந்த ஸ்டெல்லா அக்காவின் கொழுந்தனார் அந்தச் செய்தியை ஷேர் செய்து, டிக்கும் போட்டு எழுதினார்: 'இங்கன இப்பவே கொட்டுது. பழுத்தத இன்னைக்கே வெட்டுங்க.'

கம்பம், உத்தமபாளையம் என்று அந்த வரி தோட்டம் தோட்டமாகப் போனது. கீழே பதில்கள்: 'ஆள் வந்தாச்சு.' 'எங்க பக்கமும் வானம் கருக்குது.' ஸ்டெல்லா அக்கா அதை எனக்கும் அனுப்பியிருந்தார்; திரையை விட்டு நான் நகரவே இல்லை. அன்று சாயங்காலமே மழை அடித்து ஊற்றியது. அதற்குள் அவர்கள் எல்லோரும் பழத்தை வெட்டிக் கூரைக்குள் சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் முதலாளிக்கு போன் மேல் போன். "ஒங்க ஆப்பு காப்பாத்திருச்சு அண்ணாச்சி" என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏம்மா, அதுல நான் எழுதுறதுக்கு எங்கன அமுக்கணும்?" என்று கேட்டார். நான் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஜெயித்தவள் சிரிக்காமல் யார் சிரிப்பது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரும் பேசவில்லை என்று ஜனங்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் எங்கேயோ பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். எங்கே என்று போய்ப் பாருங்கள், பெட்டியை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.