கதிர்காமத்துக்காகக் கையேந்தப் பழகினேன்

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து நாடு கொஞ்சம் மூச்சு விட்ட வருடம் அது. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வீடு. வீடு என்றால் சும்மா வீடில்லை, மூன்று மாடி. அத்திவாரத்திலிருந்து தண்ணீர்த் தாங்கி வரைக்கும் நான் நின்று கட்டியது. அதற்கு முன்னால் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அதற்கும் முன்னால், மண் சரிந்துகொண்டே இருந்த ஒரு மேட்டில், படித்தவர்கள் வந்து பார்த்து முடியாது என்று கையை விரித்த இடத்தில், நான் எழுப்பிய தாங்கு சுவர். இன்றைக்கும் அசையவில்லை, போய்ப் பார்க்கலாம். கோயிலுக்கு ஒரு அன்னதான மண்டபம். பிள்ளைகளின் படிப்பு. இவ்வளவும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் செய்தது. யாரும் எனக்கு ஒரு கல்லைக்கூட எடுத்துத் தரவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு காரியத்தில் தோற்றேன். கதிர்காமத்துக்கு நடக்கப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தேன்.

என் மனைவிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். பேராதனை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, இவள் பிழைத்தால் நடந்தே வருகிறேன் முருகா என்று வேண்டிவிட்டேன். அவள் பிழைத்தாள். அடுத்த யாத்திரைக்கே மட்டக்களப்புப் பக்கம் போய் ஒரு குழுவோடு சேர்ந்தேன். முன்னால் குழுத் தலைவர் குருசாமி வேலோடு போவார், பின்னால் நாங்கள் போவோம். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான். எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு. மடியில் காசு இருந்தாலும் வழியில் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஊர்ச் சனங்கள் தருவதை வரிசையில் நின்று இரண்டு கையாலும் வாங்கி, தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முருகனே தருகிறான் என்று எண்ணம்.

என்னால் அது மட்டும் முடியவில்லை. பஞ்ச காலத்தில் தோட்டத்தில் சாப்பாடு இல்லாமல் எங்கள் தகப்பன் எங்களைக் கண்டிக்குக் கூட்டி வந்தார். சந்தைப் பக்கம் தகரப் பேணியோடு நின்று கேட்டிருக்கிறேன். கூலி வேலை ஒன்று கிடைத்த அன்றைக்கே அந்தப் பேணியை மகாவலியில் வீசினேன். இனி இந்தக் கை கொடுக்கும், வாங்காது என்று ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியத்தில்தான் நான் ஆளானேன். அதை நான் ஏன் விட வேண்டும்?

அதனால் விரதம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் பந்தியில் உட்காரும் நேரத்தில் கடைப் பக்கம் ஒதுங்கினேன். பொத்துவில் வரைக்கும் சமாளித்தேன். அதற்குப் பிறகு கடைகள் குறைந்துபோயின. பாணமைப் பாதையில் வெயில் சுட, கண் இருட்டி விழுந்தேன். வேல் முன்னால் போனது, நான் ஒரு டிராக்டரில் வந்த வழியே பின்னால் போனேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனைவி சமையலறையில் வேலையாக நிற்கும்போது லேசாக வயிற்றில் கையை வைத்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும். நேர்த்திக்கடன் பாக்கி என்பதால் நோய் திரும்ப வந்துவிட்டதோ என்று நெஞ்சு அடிக்கும். அடுத்த முறை விடக் கூடாது என்று பயிற்சியில் இறங்கினேன். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விடிந்ததும் நடப்பேன். குண்டசாலையிலிருந்து கண்டிக் குளம், குளத்தைச் சுற்றி வந்து பேராதனை வரைக்கும்கூட. டொக்டர் அவளையும் நடக்கச் சொல்லியிருந்ததால் குளத்தடி வரைக்கும் பஸ்ஸில் வந்து என்னோடு சேர்ந்து ஒரு சுற்று வருவாள்.

ஒரு நாள் குளக்கட்டில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சிரித்தாள்.

"காலுக்கு என்னாங்க குறை? எரும மாடு மாதிரி நல்லாத்தான் இருக்கு. போன தடவ உங்கள விழுத்தினது வயிறு."

"யாரு சொன்னா?"

"குருசாமி அப்பவே போன் பண்ணிட்டாரு. முதலாளி ஒரு நாளும் பந்தியில உக்காரலன்னு. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்றாப்ல இல்ல."

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"காலுக்குப் பழக்கினது போதும். இனி கைக்குப் பழக்குங்க" என்றாள்.

அன்றிலிருந்து பயிற்சி மாறியது. காலையில் வெறும் வயிறு. பர்ஸ் வீட்டில். நடந்து முடிகிற இடத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். முதல் நாள் டவுனில் தெரிந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வாயைத் திறக்கும் முன்பே, "வாங்க முதலாளி, உக்காருங்க" என்று வடையும் பிளேன்டீயும் மேசைக்கு வந்துவிட்டன. பெருமையோடு அவளைப் பார்த்தேன்.

"இது கணக்கில சேராது. இது உங்க கடைக்குக் குடுக்கிற மரியாத. உங்களத் தெரியாத ஊருக்குப் போவோம்."

அப்படித்தான் அலவத்துகொடைக்குப் போனோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து நான் நடந்தேன். அவள் அக்குறணை வரைக்கும் பஸ்ஸில் வந்து காத்திருந்தாள். அங்கிருந்து இரண்டு பேருமாக நடந்து, ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே ரொட்டி சுடுகிற வாசனை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓர் அம்மா வெளியே வந்தார்.

"என்ன வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். வந்த சொல் இதுதான்.

"இந்த மதில யாரு கட்டினது? அடியில வெடிச்சிருக்கு."

"நீங்க பாஸா?" என்றார் அவர், கொத்தன் என்று நினைத்து.

"பாஸெல்லாம் எனக்குக் கீழ வேல செஞ்சவங்க. இதுக்குத் தண்ணி போக வழி விடல பாருங்க, அதான்..."

என் மனைவி முதுகுக்குப் பின்னால் நின்று என் சட்டையை இழுத்தாள். "மழை வர்றதுக்குள்ள கேளுங்க!"

எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியவன் நான். அந்த வாசலில் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் எனக்குப் பதிலாகக் கேட்டுவிடுவாள் என்று பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பசிக்குதும்மா" என்றேன். "சாப்பிட ஏதாச்சும் குடுப்பீங்களா?"

அந்த அம்மா என் சப்பாத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கு ஏன் மதிலுக்குக் குத்தம் சொல்றீங்க? உள்ளுக்கு வாங்கொ. ரொட்டியும் சம்பலும்தான் ஈக்கி."

நான் படியிலேயே உட்கார்ந்தேன். சூடான ரொட்டியை இரண்டு கையிலும் வாங்கினேன். முதல் வாய் இறங்கவே இல்லை. இரண்டாவது வாயில் கண்ணீர் வந்தது. சம்பல் உறைப்பு என்று சொன்னேன். உறைப்பும்தான். சும்மா இருக்க முடியாமல், மதிலை நான் வந்து திருத்தித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் என் மனைவி. "குடுத்தத வாங்கிக்கிட்டு சும்மா போறதுதான் இன்னிக்குப் பயிற்சி."

விஷயத்தை என் மனைவி சொல்லக் கேட்டு அந்த அம்மா நெடுநேரம் சிரித்தார். கிளம்பும்போது சொன்னார். "கதிர்காமத்துல எங்கட பள்ளிவாசலும் ஈக்கி. போய்ச் சேந்தா எங்க பேர்ல ஒரு வெளக்கு ஏத்துங்கொ."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரும்பினேன். பிறகு பல வாசல்களில் கேட்டேன். ஒரு சிங்கள வீட்டில் பால்சோறு கிடைத்தது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பயிற்சிக்கு அதுவும் வேண்டும் என்றாள் அவள்.

அடுத்த யாத்திரையில் பாணமையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்குச் சோற்றை அள்ளி வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர், "சாமி, கைய நீட்டுங்க சாமி" என்றார். நீட்டினேன். போதாமல் இன்னொரு தரமும் கேட்டு வாங்கினேன். உகந்தை தாண்டி, காடு தாண்டி, மாணிக்க கங்கைக் கரைக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். அங்கே அவள் காத்துக்கொண்டு நின்றாள். கால் வலிக்குதா என்று கேட்கவில்லை.

"வாங்கிச் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். முருகனைக் கும்பிட்டு நேர்த்தியை முடித்தோம். பள்ளிவாசலிலும் விளக்கேற்றினோம்.

இப்போது அவளுக்கு முழங்கால் வலி, குளத்தடிக்கு வருவதில்லை. நான் மட்டும் நடக்கிறேன். குளத்து மேல் பனி விலகும் நேரத்தில் பக்கத்தில் அவளுடைய செருப்புச் சத்தம் இல்லாதது பெரிய குறை. யாத்திரையைவிட அந்தக் காலைகள்தான் அதிகமாக ஞாபகம் வருகின்றன.

ஆனால் ஒரு விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இந்தக் கதையை எடுக்கிறாள், பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அம்மாதான் அப்பாவைக் கதிர்காமத்துக்கு அனுப்பினா என்று சொல்லி முடிக்கிறார்கள். வழி சொன்னது அவள்தான், மறுக்கவில்லை. அந்த வாசலில் "பசிக்குது" என்று சொன்னது யார்? என் ஆயுசில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அந்த ஒரு சொல்தான். இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அந்தச் சொல்லைச் சொன்னது நான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.